பேசிக்கொண்டிருந்தபோதே போன அப்பா

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. எப்படி நடந்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் "மாரடைப்பு" என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. "இந்த நினைவு மலர்லயாவது முழுசா எழுதுக்கா" என்று தம்பி சொன்னதால் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த வன்னியம்பட்டி. விவசாயத்தை நம்பிய பெரிய குடும்பம். மழை பொய்த்த வருடங்களில் படிப்பை நிறுத்திவிட்டு, ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்தார். தங்கைகள் இருவருக்கும் திருமணம் முடித்த பிறகே தன் கல்யாணத்துக்குத் தலையசைத்தார். ஓய்வுபெறும்வரை ஷிஃப்ட் மாறி மாறி உழைத்து எங்கள் இருவரையும் படிக்கவைத்தார்.

அம்மா மறைந்தபின் ராஜபாளையம் வீட்டில் தனியாகவே இருந்தார். தம்பி ஸ்ரீவில்லிபுத்தூரில், நான் பெங்களூரில். கூப்பிட்டால், "அங்க வந்தா எனக்குப் பொழுது போவாதும்மா" என்பார். பெரியப்பா, சித்தப்பா குடும்பங்களோடு ஒரே வீட்டில் வளர்ந்தவர், பிள்ளைகளைக் கைபேசியில் பார்த்து வாழப் பழகிக்கொண்டார். "பேசுறதுக்கு மூஞ்சி எதுக்கு?" என்று முதலில் கேட்டவர்தான். போகப்போக வீடியோ காலுக்கென்றே சட்டை போட்டு, தலைவாரி நிற்க ஆரம்பித்தார்.

அன்று காலையும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம். போனை அடுப்படி மேடையில் சாய்த்து வைத்துவிட்டு உப்புமா கிண்டினார்.

"எம்புட்டு ரவை போட்டேன்னே தெரியல. ராத்திரிக்கும் வரும் போலுக்கு" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு முடியவில்லை. நெஞ்சைப் பிடித்தார். அப்படியே திரையை விட்டுக் கீழே போனார். கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்திலிருந்து இன்னும் நான் மீளவில்லை. அதன்பின் எனக்குத் தெரிந்ததெல்லாம் சுவரும் அடுப்பும்தான்.

என் கணவர் வேறு போனில் தம்பிக்கும் ஆம்புலன்சுக்கும் பேசினார். தம்பி வந்து சேர நேரமாகும். அந்தத் தெருவில் ஒருவருடைய எண்கூட எங்களிடம் இல்லை. "யாராவது வாங்களேன்!" என்று போனுக்குள்ளேயே அலறினேன்.

ஜன்னல் பக்கம் ஒரு பெண்குரல் கேட்டது. "யாரு உள்ள கத்துறது?"

பக்கத்து வீட்டு அக்கா. வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். துணி காயப்போட வந்தவர் என்று பிறகு தெரிந்தது.

"நான் அவரு மக. போன்ல பேசுறேன். அப்பா விழுந்துட்டாரு!"

"அய்யோ, கதவு உள்பக்கம்லா பூட்டிருக்கு! செத்த பொறுங்க பாப்பா."

அவர் கணவர் கடப்பாரையால் பின்கதவைப் பெயர்த்தது முழுவதும் எனக்குக் கேட்டது. அந்த அக்கா ஓடிவந்து அடுப்பை அணைத்தார்; முகம் திரையில் படவில்லை. குனிந்தார். "மூச்சு இருக்கு பாப்பா" என்றார். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் நிமிரவே இல்லை.

அப்பாவைத் தூக்கிச் சென்றார்கள். வீடு காலியானது. அழைப்பை யாரும் துண்டிக்கவில்லை. எனக்கும் துண்டிக்கக் கை வரவில்லை. மருத்துவமனைக்கு நேரே போன தம்பி, எல்லாம் முடிந்துவிட்டது என்று என் கணவரிடம் சொல்லி அழுதபோதும், நான் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர் வந்து சேர்ந்தபோது அப்பா குளிர்பெட்டிக்குள் இருந்தார். நான் முன்பின் பார்த்திராத ஒருவர் வந்து என் கையைப் பிடித்தார். குரலைக் கேட்ட பிறகே யாரென்று புரிந்தது.

"தூரத்துல இருந்துட்டோமேன்னு வெசனப்படாதீங்க பாப்பா. அவிய தலை என் மடியிலதான் இருந்துச்சு. வண்டியிலயும் நான் கையை விடல."

துக்கத்தில் துணைநின்ற வன்னியம்பட்டிச் சொந்தங்களுக்கும், அப்பாவோடு ஆலையில் வேலைபார்த்த நண்பர்களுக்கும், வந்திருந்து ஆறுதல் சொன்ன அனைவருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. ஆனால் அந்தப் பக்கத்து வீட்டாரையே உங்கள் எல்லோருக்கும் முன்னால் நிறுத்துகிறோம். நீங்கள் தவறாக எண்ணமாட்டீர்கள். பெற்ற பிள்ளைகள் நாங்கள் எட்டாத தூரத்தில் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில், அப்பாவைத் தொட்டுப் பிடித்திருந்தவர்கள் அவர்கள்தான்.

– மகள்