ரெஜினாவின் வயிற்றெரிச்சல்

ரெஜினாவுக்குப் பொறாமை ஜாஸ்தி. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதைத்தான் முதலில் எழுத வேண்டும். மறைத்து எழுதினால் அவளே வந்து சண்டை போடுவாள். அவள் அப்பா அய்யாத்துரைக்கு ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம். பக்கத்துக் கடையில் கூட்டம் நின்றால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அந்த ரத்தம்தான் இவளுக்கும். பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்தை டீச்சர் ஒருமுறை பாராட்டிவிட்டார் என்று என்னோடு பேச்சையே நிறுத்தியவள்.

இப்போது இரண்டு பேரும் திருவொற்றியூரில் ஒரு பெயின்ட் கடையின் மாடியில், சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறோம். முதலாளி லியாகத் அலி பாய். கன்டெய்னர் யார்டுகளில் லாரி வரிசையைக் காட்டும் வெப் அப்ளிகேஷன்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. நான் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். நிறம், எழுத்து, பட்டன் எல்லாம் ரெஜினா. எந்த பிரவுசரில் திறந்தாலும் பக்கம் கோணாமல் நிற்க வேண்டும். நின்றால் அவளிடம் யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். கோணினால் ஆளாளுக்குப் பேசுவார்கள்.

அப்படி இருக்கையில் வண்ணாரப்பேட்டையிலிருந்து உமைமா வந்து சேர்ந்தாள். சின்னப் பெண், காலேஜ் முடித்து அதிக நாளாகவில்லை. ரெஜினா ஒவ்வொரு வரியிலும் நிறத்தை நேராக எழுதுவாள். உமைமா நிறங்களுக்குப் பெயர் வைத்து, எல்லா இடத்திலும் அந்தப் பெயரை மட்டும் எழுதினாள். ஓரிடத்தில் மாற்றினால் மொத்த அப்ளிகேஷனும் உடுப்பு மாற்றிக்கொண்டது. பகலுக்கு வெள்ளை, ராத்திரி ஷிப்டுக்குக் கறுப்பு. இந்த உடுப்புக்குத்தான் தீம் என்று பெயர்.

"மாஷா அல்லா! இன்னா சோக்கா கீது பாரு!" என்று பாய் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். ரெஜினாவையும் கூப்பிட்டார். அதுதான் தப்பு. அடுத்த வெர்ஷனின் தோற்றம் முழுவதையும் ஒருவர் கையில் கொடுக்கப் போவதாகவும், எண்ணூர் யார்டில் உமைமாவின் தீம் ஓடுவதைப் பார்த்துவிட்டு ஆளை முடிவு செய்வதாகவும் அங்கேயே சொன்னார். அது தனக்குத்தான் என்று ரெஜினா யாரையும் கேட்காமலே நினைத்துக்கொண்டிருந்த பொறுப்பு.

அன்று மாலை டீக்கடையில் பொரிந்து தள்ளினாள்.

"இத்தினி வர்சமா நான் குப்ப கொட்டிகினு கீறேன். ஒரு நாளாவது சோக்கா கீதுன்னு சொன்னாரா? நேத்து வந்தவளுக்கு மாஷா அல்லாவாம்!"

"நல்லாதானே பண்ணிக்கீறா ரெஜி?"

"நல்லா பண்ணிக்கீறா. அதாண்டா எரியுது."

மறுநாளிலிருந்து உமைமாவின் தீமில் ஓட்டை தேடுவதே அவள் பிழைப்பாகிப் போனது. போனில் திறந்தாள், டேப்லெட்டில் திறந்தாள், எந்தெந்த பிரவுசர் உண்டோ எல்லாவற்றிலும் திறந்தாள். பக்கம் எதிலும் கோணவில்லை. முகம் சுண்டிப் போய்த் திரிந்தாள். ஒருநாள் மத்தியானம் தயிர்சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டு, தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அவளுக்கு ஏதோ அகப்பட்டுவிட்டது.

கொஞ்ச நேரத்தில் உமைமாவே வந்து கேட்டாள். "அக்கா, நாளைக்கு யார்டுக்குப் போறோம். வேற எந்த பிரவுசர்லயாச்சும் பாக்கணுமா?"

"இன்னாத்துக்கு? எல்லாம் சரியாதான் கீது," என்றாள் ரெஜினா. அவ்வளவு இனிப்பாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

எண்ணூர் யார்டின் கேட் ஆபீசுக்கு எங்களில் போய் வந்தவள் ரெஜினா ஒருத்திதான். அங்கே இருப்பது அரதப் பழசான கம்ப்யூட்டர். எடைமேடை அதோடுதான் பேசும் என்பதால் அதையும் மாற்ற மாட்டார்கள், அதில் இருக்கிற பிரவுசரையும் மாற்ற மாட்டார்கள். இன்னொரு விஷயமும் உண்டு. கேட் கிளார்க் காஜா மொய்தீன் திரையைத் தன் பக்கம் வைத்துக்கொள்வதில்லை. ஜன்னல் வழியாக வெளியே திருப்பி வைத்திருப்பார். டிரைவர்களில் பாதிப் பேர் ஒடிசா, பீகார். தன் லாரி நம்பர் பச்சைப் பட்டையில் இருந்தால் உள்ளே போகலாம், மஞ்சள் என்றால் காத்திருக்கணும், சிவப்பு என்றால் பேப்பர் சரியில்லை. யாரும் யாரையும் கேட்க வேண்டாம்.

மறுநாள் பாய் மைசூர்பாக் டப்பாவோடு யார்டுக்கு வந்திருந்தார். காஜா மொய்தீன் பக்கத்தைத் திறந்தார். நம்பர்கள் வரிசையாக வந்தன. பச்சை இல்லை, மஞ்சள் இல்லை, சிவப்பு இல்லை. வெள்ளைத் தாளில் அச்சடித்த மாதிரி வெறும் எழுத்து. உமைமா வைத்த பெயர்கள் அந்தப் பழைய பிரவுசருக்குப் புரியவில்லை. புரியாத வரியை அது தாண்டிப் போய்விடும்.

டிரைவர்கள் ஜன்னலில் முட்டினார்கள். ஒருவர் கம்பியைத் தட்டினார், அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். டிரெய்லர்கள் கேட்டிலிருந்து மெயின் ரோடு வரை நின்று ஹாரன் அடித்தன. "இன்னா பாய் இது, பேஜாரா பூட்ச்சே!" என்று காஜா மொய்தீன் தலையில் கை வைத்தார். உமைமா லேப்டாப்பைத் திறந்து வரி வரியாகத் தேடினாள். நான் ரெஜினாவைப் பார்த்தேன். பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

"நகரு," என்று உமைமாவைத் தள்ளிவிட்டு லேப்டாப் முன் உட்கார்ந்தாள். பெயர் இருந்த ஒவ்வொரு வரிக்கும் மேலே நிறத்தை நேராக எழுதினாள். பழைய பிரவுசர் மேல் வரியை எடுத்துக்கொள்ளும், புதியது கீழ் வரியை. வேலை சுத்தம். நான் சர்வரில் ஏற்றினேன். பட்டைகள் திரும்பி வந்தன, முதல் டிரெய்லர் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"ரெஜினாம்மா வந்தாதான் சரியாவும்னு எனக்குத் தெரியும்!" என்றார் காஜா மொய்தீன். ஜன்னலுக்கு வெளியே யாரோ கைகூடத் தட்டினார்கள். இத்தனை வருஷமாக அவள் ஏங்கிய வார்த்தை. தலைகால் புரியவில்லை அவளுக்கு.

"இந்த டப்பா கம்ப்யூட்டரு இன்னா பண்ணும்னு எனக்குத் தெரியாதா பாய்? அவ ஃபைலைப் பாத்தப்பவே தெரியும், இங்க கலர் வராதுன்னு!"

பாயின் முகம் மாறியது. "தெரியுமா? தெரிஞ்சுகினா கம்முனு இருந்தே?"

கிளார்க்கும், செக்யூரிட்டியும், ஜன்னல் நிறைய டிரைவர்களும் ரெஜினாவையே பார்த்தார்கள்.

"அக்கா சொன்னாங்க பாய்," என்றாள் உமைமா. "நான்தான் மறந்துட்டேன்."

பாய் அத்தனை பேர் முன்னாடியும் உமைமாவை வாங்கு வாங்கென்று வாங்கினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். கடைசியில், "புது வெர்ஷனை ரெஜினாவே பாக்கட்டும்," என்று முடித்தார். மைசூர்பாக்கை யாரும் தொடவில்லை.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் ரெஜினா கேட்டாள், "ஏன்டி அப்படி சொன்னே?"

"அத்தினி ஆம்பளைங்க நடுவுல உங்களை நிக்க வெச்சுக் கேட்டாரு. எனக்குப் பாக்க முடியல." உமைமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா நீங்க பண்ணது அநியாயம்க்கா." தேரடி ஸ்டாப்பில் இறங்கி நேரே நடந்துவிட்டாள்.

புது வெர்ஷனை இப்போது ரெஜினாதான் செய்கிறாள். பாய் தினமும் ஒருமுறையாவது பாராட்டுகிறார். போன வாரம் டீக்கடையில் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அதான் கேட்டது கெடச்சிடுச்சே. இன்னும் இன்னா எரியுது உனக்கு?" என்றேன்.

"அவ வேலைய நான் கத்துக்குனேன் வசீமு. நாளைக்கே அத விட சோக்காவும் பண்ணுவேன்." அவள் என்னைப் பார்க்கவில்லை. "அவ எடத்துல நான் இருந்திருந்தா, அப்படி ஒரு பொய் என் வாய்ல வந்திருக்காதுடா."