எந்த மாடு முட்டுச்சு

வெள்ளைக்காரன் காலத்தில், ரோடு போடாத கொல்லிமலைக்கு மிளகு வாங்க எங்கள் ஊர்ப் பெண்களோடு நடந்தே ஏறினேன். உரலில் சாமை குத்திக்கொண்டிருந்த மலைக்காரப் பெண் என் கையில் கன்றிப்போயிருந்த இடத்தைப் பார்த்து, "எந்த மாடு கண்ணு முட்டுச்சு?" என்றாள்.

"மாடில்லீங்க அக்கா, ஊட்டுக்காரருதான்," என்றேன். மழை பெய்தது என்பதைப் போலத்தான் சொன்னேன்.

உலக்கை நின்றுவிட்டது. அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு என் கையைக் காட்டினாள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்க பக்கம் இப்படி அடிச்சா ஊர் கூடிக் கேக்கும். நீ இங்கயே இரு கண்ணு," என்றாள் அந்தப் பெண்.

அப்போதுதான் எனக்குப் பயமே வந்தது. அவர்கள் பதறியதைப் பார்த்துத்தான். என்னைப் பெற்றவளும் இதே கையைப் பார்த்தாள். மஞ்சள் பற்றுப் போட்டு, தலையில் பூ வைத்து, அவனிடமே திருப்பி அனுப்பினாள்.