பகையாளி குடிக்காத கூழ்

மற்றவர்கள் கூடப்பிறந்தவனிடம்கூடக் கேட்கத் தயங்கும் கேள்வியை, முன்பின் தெரியாதவர்களிடம் முதல் கேள்வியாகக் கேட்பது என் தொழில். காலையிலிருந்து எத்தனை வாட்டி போச்சு, தண்ணியாகவா, கெட்டியாகவா? நான் சுகாதார ஆய்வாளர். விழுப்புரத்தில் குடித்தனம், திண்டிவனம் பக்கம் வேலை. கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலைக்கு யாரும் அவசரப்பட்டு வருவதில்லை. என் மனைவி மட்டும் வேறு வழியில்லாமல் உட்காருவார். உட்கார்ந்ததும், "இங்க யாரையும் ஒண்ணும் கேக்காதீங்க" என்று காதோடு சொல்லிவிட்டுத்தான் இலையில் தண்ணீர் தெளிப்பார்.

அந்த ஆடி மாதத்தில் என் வயிற்றையே நான் விசாரிக்க வேண்டியதாகிவிட்டது.

திண்டிவனத்தின் ஓரத்தில் ஒரு தெரு. மேல் முனையில் சின்ன அம்மன் கோயில். அங்கிருந்து தெரு சரிந்து இறங்கி, கீழ் முனையில் சாக்கடைக் கால்வாயில் போய் முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுத்த தெருவில் காய்ச்சல் என்று கொசுப்புழு பார்க்கப் போயிருந்தேன். திரும்பும்போது கோயில் வாசலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஊற்றியவர் தெருவின் முதல் வீட்டம்மா. வருஷா வருஷம் ஆடியில் அவர் கையால்தான் கூழ். கணவர் பெரிய நோயிலிருந்து பிழைத்து வந்த வருஷம் வேண்டிக்கொண்டது என்று சொன்னார்கள். என் பையிலிருந்த கொசுப்புழுக் குப்பியைப் பார்த்து அவர் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. சொம்பை நீட்டினார். குடித்தேன். இன்னொன்று நீட்டினார். அதையும் குடித்தேன். மரியாதைக்காக என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரத்தின் நடுவில் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து டாக்டரம்மா கூப்பிட்டார். அதே தெருவிலிருந்து வாந்தி பேதி என்று ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்களாம். நான் போய்ச் சேர்வதற்குள் தெரு தீர்ப்பே சொல்லிவிட்டிருந்தது. கூழ்தான். வேறென்ன? எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் குடித்தது அது ஒன்றுதானே?

தெரு சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கேப்பை மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யோடு சேர்த்துக் காய்ச்சி, ஆறவிட்டு, மறுபடி தண்ணீரும் மோரும் ஊற்றிக் கையால் கரைப்பார்கள். காய்ச்சுவதில் கிருமி சாகும். ஆறிய பிறகு கரைக்கிற தண்ணீருக்கும் கைக்கும் யார் உத்தரவாதம்? அண்டாக்களையும் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். சோதனைக்கு அனுப்ப ஒரு சொட்டுக் கூழ்கூட மிச்சமில்லை. மிச்சம் இருந்தது என் வயிற்றுக்குள் மட்டும்தான்.

டாக்டரம்மாவிடம் அதைத்தான் பெருமையாகச் சொன்னேன். நானும் ரெண்டு சொம்பு குடித்தேன், எனக்கு ஒன்றும் இல்லை, அதனால் கூழில் தப்பு இருக்காது என்று.

"உங்க வயித்த வெச்சி முடிவு பண்ண முடியாது சார்," என்றார். "அது விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பஜ்ஜியையே தாங்கினது."

பிறகு கறாராகச் சொன்னார். ஆடியின் கடைசி ஞாயிறும் அங்கே கூழ் உண்டு. அதற்குள் காரணம் தெரியவில்லை என்றால் கூழை நிறுத்தச் சொல்லத்தான் வேண்டும். வேறு வழியில்லை.

இதைச் சொல்ல முதல் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா கேப்பை புடைத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே முறத்தைக் கீழே வைத்தார்.

"என் கையாலயா சார் வந்துது?"

தெரியாது என்றேன். எங்கள் தொழிலில் அடிக்கடி சொல்ல வேண்டிய பதில் அது. சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்தான். அந்த அம்மா அன்று நடந்ததைச் சொன்னார். காலையில் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு முறுக்கு கொடுத்தாராம். குழந்தையின் அம்மா அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டாளாம். "ஒருமுறை கூழ நிறுத்திட்டா, அப்புறம் அடுத்த வருஷம் யாரு சார் என் கையால வாங்குவாங்க?" என்று கேட்டுவிட்டு மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டார்.

இந்த மாதிரி விசாரணையில் ஒரு பழைய முறை உண்டு. மனதுக்குள் நான்கு பாத்திரம் வைத்துக்கொள்ள வேண்டும். கூழ் குடித்து நோயில் விழுந்தவர் ஒன்றில். குடித்தும் விழாதவர் இன்னொன்றில். குடிக்காமலும் விழாமலும் இருப்பவர் மூன்றாவதில். எனக்கு எப்போதும் ஆசை நான்காவது பாத்திரத்தின் மேல்தான். குடிக்கவே இல்லை, ஆனால் விழுந்தார். அப்படி ஒரே ஒருவர் கிடைத்தாலும் சரி, குற்றவாளி வேறு யாரோ என்று தேட ஆரம்பிக்கலாம். வீடு வீடாகப் போனேன். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கையில் கொடுத்துக்கொண்டே கேட்டேன். என்ன குடித்தீர்கள், எத்தனை சொம்பு, தொட்டுக்கொள்ள என்ன? வயிற்றுப் பேச்சுக்கு வெட்கப்படுகிறவர்கள்கூடத் தொட்டுக்கொள்ள என்ன என்றதும் உற்சாகமாகிவிடுவார்கள். இந்த வருஷம் மல்லாட்டைத் துவையல், அதாவது வேர்க்கடலை அரைத்தது. வழக்கமாக முருங்கைக்கீரைதான், கோயில் பின்னாலிருந்த முருங்கை மரம் காற்றில் சாய்ந்துவிட்டது, அதனால் துவையல், ஆனால் காரம் தூக்கல். இப்படி வீட்டுக்கு வீடு விமர்சனம்.

முதல் இரண்டு பாத்திரங்களும் நிரம்பிக்கொண்டிருந்தன. மற்ற இரண்டும் காலி. தெருவில் கூழ் குடிக்காத ஆளே கிடையாது. விழுந்தவர்கள் பெரும்பாலும் கீழ் முனை வீடுகளில் இருந்தார்கள். அது கண்ணில் பட்டது. ஆனால் அண்டாவின் அடிக்கூழ் கீழ் முனைக்குப் போயிருக்கும், அதுதான் கெட்டிருக்கும் என்று அதற்கும் ஒரு விளக்கம் தெருவிடம் தயாராக இருந்தது.

கடைசி வீட்டுக்கு வந்தேன். அந்த வீட்டம்மா கட்டிலில் சுருண்டு படுத்திருந்தார். சோர்விலும் குரல் மட்டும் குறையவில்லை.

"நானும் ஒரு சொம்பு குடிச்சேன் சார். குடிச்சிட்டுதான் இப்பிடிப் படுத்துக்கினு கீறேன். நல்லா எழுதிக்கோங்க."

தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்டேன். வேறென்ன, வருஷா வருஷம் முருங்கைக்கீரைதானே என்றார். தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

என் மூளை எங்கள் ஊர் டவுன் பஸ் மாதிரி. கட்டாயம் வரும், எப்போது என்று மட்டும் சொல்ல முடியாது. அன்றைக்கு நான் வீடு திரும்பிய பஸ் விக்கிரவாண்டி தாண்டிய பிறகுதான் அது வந்தது. முருங்கைக்கீரையா? மரம்தான் சாய்ந்துவிட்டதே! நான் என்னையறியாமல் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து சீட்டுக்காரர் மடியிலிருந்த பையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கடைசி வீட்டுக்குப் போனேன். போகிற வழியில் தெருக்காரர் ஒருவரிடம் விசாரித்ததில் கதை தெரிந்தது. முதல் வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் பல வருஷமாகப் பேச்சு கிடையாது. ஆரம்பம் தண்ணீர். முதல் வீட்டில் ஒரு காலத்தில் தெருக்குழாயோடு மோட்டாரை இணைத்து உறிஞ்சியிருக்கிறார்கள். கீழ் வீடுகளுக்குச் சொட்டுகூட வராமல் பெரிய பேஜாராகிவிட்டதாம். அன்றிலிருந்து பகைதான். கடைசி வீட்டம்மா எதிர் வீட்டுக் கல்யாணத்தில்கூட, முதல் வீட்டம்மா பரிமாறுகிறார் என்று பந்தியிலிருந்து எழுந்து போனவர்.

அப்படிப்பட்டவர் கூழ் குடித்தாரா? இதை நான் சாமர்த்தியமாகக் கேட்டு உண்மையை வரவழைத்தேன் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. எனக்கு வாய் நிற்காது. போனதும், சண்டை தீர்ந்ததைக் கேள்விப்பட்டு ரொம்ப சந்தோஷம், அவங்க கூழையே நீங்க வாங்கிக் குடிச்சீங்கன்னு முதல் வீட்டில் சொன்னால் எவ்வளவு சந்தோஷப்படுவாங்க, இதோ போய்ச் சொல்லிவிட்டு வர்றேன் என்று உளறினேன்.

அந்த அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"யார் சொன்னது? அவ கூழ நான் நாக்குல வெப்பனா?"

"நேத்து நீங்கதாம்மா சொன்னீங்க."

"அது உங்ககிட்ட சொன்னது. அவகிட்ட போயி சொல்லுவீங்களா?" என்னை முறைத்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "குடிக்கல சார். சத்தியமா குடிக்கல. அவளுக்குக் கெட்ட பேரு வரட்டுமேன்னு சொன்னேன். அதுக்காக அவ கூழ நான் குடிச்சேன்னு ஊருல பேசுனா, அப்புறம் நான் எப்பிடித் தெருவுல நடப்பேன்?"

நான்காவது பாத்திரத்தில் ஓர் ஆள்! எனக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிடத் தோன்றியது. கைகழுவ சோப்பு போதாது என்று அடக்கிக்கொண்டேன்.

கூழ் இல்லை என்றால் வேறென்ன? தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் தண்ணீர் வரும். அன்றைக்குத் தண்ணீர் நாள். கடைசி வீட்டுக் குழாய் எங்கே என்றேன். வாசலில் இருந்த பலகையைத் தூக்கிக் காட்டினார்கள். முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். அதன் அடியில் குழாய், குழாயில் மாட்டிய ரப்பர் டியூப். இந்தப் பக்கங்களில் பார்க்காதவர் இருக்க முடியாது. தண்ணீர் மேலே ஏறவில்லை என்றால் குழாயைக் கீழே இறக்கிவிடுவார்கள். ஒரு வீடு ஓரடி இறக்கினால் அடுத்த வீட்டில் தண்ணீர் நின்றுவிடும். அவர்கள் அதைவிடக் கீழே இறக்குவார்கள். கீழ் முனை முழுவதும் அப்படித்தான் தோண்டியிருந்தார்கள்.

பள்ளத்தில் கலங்கல் தண்ணீர் தேங்கியிருந்தது. கால்வாய் கைக்கெட்டும் தூரம்தான், ஊறி வந்துவிடும். டியூபின் நுனி அந்தக் கலங்கலுக்குள் கிடந்தது. குடம் நிரம்பியதும் அப்படிப் போட்டுவிடுவது வழக்கமாம். தண்ணீர் நிற்கும் நேரத்தில் என்ன ஆகிறது என்று பார்க்க, தரையில் குப்புறப் படுத்துத் தலையைப் பள்ளத்துக்குள் விட்டேன். தெருவே கூடிவிட்டது. சார் இன்னா கேக்கறாரு, குழாய்க்கும் வயித்துப்போக்கான்னு விசாரிக்கிறாரா என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு.

தண்ணீர் நின்றது. உள்ளே உஸ் என்று ஒரு சத்தம். பள்ளத்திலிருந்த கலங்கல் மெதுவாகக் குறைய ஆரம்பித்தது. குழாய் அதைக் குடித்துக்கொண்டிருந்தது. பெரிய குழாயில் தண்ணீர் வடியும்போது வெற்றிடமாகி இப்படித் திரும்ப உறிஞ்சும் என்று பயிற்சியில் படித்ததுதான். கண்ணால் பார்த்ததும் வாய்விட்டு அட என்றேன். மூக்கில் சேறு. அடுத்த தண்ணீர் நாளில் முதலில் வருவது இந்தக் கலங்கல்தான், அதைத்தான் கீழ் முனை வீடுகள் பிடித்துக் குடிக்கின்றன.

கையிலிருந்த சோதனைக் குப்பியால் பார்த்தேன். தண்ணீரில் குளோரின் இருந்தால், மருந்துச் சொட்டு விட்டதும் மஞ்சளாக மாற வேண்டும். மேல் முனைத் தண்ணீர் மஞ்சளானது. கடைசி வீட்டுக் குடத்துத் தண்ணீர் நிறம் மாறவே இல்லை. கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருக்கிற என் தண்ணிதானே நல்ல தண்ணி என்று கடைசி வீட்டம்மா வாதாடினார். மஞ்சளானால்தான் நல்லது என்று புரியவைப்பதற்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கோயில் பின்னால் ஆழ்துளைக் கிணறு. கூழ் கரைத்தது அந்தத் தண்ணீரில்தான். அதையும் சோதனைக்கு அனுப்பினோம். நல்ல தண்ணீர் என்றே வந்தது. கடைசி வீட்டுத் தண்ணீரில் இருக்கக் கூடாதது இருந்தது.

பள்ளங்களை மூடிக் குழாயை மேலே தூக்க வேண்டும் என்றதும் புதுச் சண்டை. முதலில் மூடுகிறவருக்குத் தண்ணீர் போய்விடும், யார் மூடுவது? மேலே மோட்டார் இருக்கிறவரை மூட மாட்டோம் என்றார் கடைசி வீட்டம்மா. முதல் வீட்டில் மோட்டாரைக் கழற்றி வெகு காலமாகிவிட்டது என்று மேல் முனைக்காரர்கள் சத்தியம் செய்தார்கள். கேப்பை மூட்டைக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறாள் என்றார் இவர். கடைசியில் டாக்டரம்மாவே வந்து, கடைசி வீட்டு மருமகளைக் கூட்டிக்கொண்டு போய் மூட்டைகளை நகர்த்திக் காட்டினார். மோட்டார் இருந்த இடத்தில் ஓர் ஊறுகாய் ஜாடி இருந்தது. ஒரே நாளில் எல்லாப் பள்ளத்தையும் மூடினோம். தரைக்கு மேலே குழாயில் தண்ணீர் வந்தது. மெதுவாகத்தான், ஆனால் வந்தது. இத்தனை வருஷமாக யாரும் ஏற்றிப் பார்க்கவே இல்லை. குளோரின் கலந்து, வீட்டுக்கு வீடு காய்ச்சிக் குடிக்கச் சொல்லி அலைந்தோம். புதிதாக யாரும் விழவில்லை.

கடைசி ஞாயிறு வந்தது. கூழுக்குத் தடையில்லை என்று தெருவில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. ஆனால் சொல்வது வேறு, சொம்பை நீட்டுவது வேறு. முதல் வீட்டம்மா அண்டா பக்கத்தில் அகப்பையோடு நின்றார். ஜனங்கள் சாமி கும்பிட்டார்கள், திருநீறு பூசினார்கள், அண்டாவைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் ஒரு சொம்பு குடித்தேன். யாரும் மசியவில்லை. என் வயிற்றின் புகழ் தெரு வரைக்கும் வந்துவிட்டது போல.

அப்போது கீழ் முனையிலிருந்து கடைசி வீட்டம்மா மெதுவாக ஏறி வந்தார். அண்டாவுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். முதல் வீட்டம்மாவைப் பார்க்கவில்லை. பொதுவாகத் தெருவைப் பார்த்துச் சொன்னார்.

"வாங்கிக் குடிங்க. அவ கூழுல நோயும் இல்ல, ருசியும் இல்ல. நான் குடிக்காமதான் படுத்தேன்."

யாரோ சிரித்தார்கள். ஒரு சொம்பு நீண்டது. பின்னாலேயே இன்னொன்று. முதல் வீட்டம்மா ஊற்றத் தொடங்கினார். அவசரத்தில் கூழ் சொம்பின் வெளியே வழிந்தது. நாலைந்து பேருக்கு ஊற்றிய பிறகு, என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"சார், ருசியில இன்னா கொறையாம்னு அவங்களக் கேளுங்க."

கேட்டேன். எட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தார், இருந்தாலும் கேட்டேன்.

"குடிச்சாதான சார் தெரியும்," என்றார் கடைசி வீட்டம்மா. "பாக்கவே உப்பு கம்மியாதான் இருக்குது."

முதல் வீட்டம்மா ஒரு கை உப்பை அள்ளி அண்டாவில் போட்டுக் கலக்கினார். கலக்கிவிட்டு, ஒரு சொம்பை நிரப்பி என் கையில் கொடுத்தார். குடிக்கவா, கொண்டுபோய்க் கொடுக்கவா என்று அவர் சொல்லவில்லை. நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.