ஓரகத்தி பிடித்த கயிறு

போன மழையில் ஆறு எங்கள் தெருவுக்குள் வந்தது. இடுப்பளவுதான். எதிர் வீட்டு மாடிக்குப் போக பத்தடி நடக்க வேண்டும். என்னால் முடியவில்லை. சிமெண்டுத் தொட்டி மேல் ஏறி, இரண்டு ஆடுகளைப் பிடித்துக்கொண்டு, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை நின்றேன். ஆடுகள் நீந்திப் போயிருக்கும். எனக்காக நின்றன.

அன்று முடிவு செய்தேன். அடுத்த மழைக்குள் நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டும். எனக்கு வயது ஐம்பத்திரண்டு.

திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் ஒருவர். அவருடைய அக்காவை எங்கள் ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஆடி மாதம் தொடங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பஸ் பிடித்து வந்தார். அக்கா வீட்டுக் கிணற்றில் சொல்லிக் கொடுக்கிறேன், ஆறு வயதோ எழுபது வயதோ, பெண்டுகள் பிள்ளைகள் யாரும் வரலாம் என்றார்.

அந்தக் கிணற்றில் தூர் வார எங்கள் தெருக்காரர்கள் இறங்கியிருக்கிறோம். குளிக்க இறங்கியதில்லை. இரண்டு தெருப் பெண்டுகளும் வேறு வேறு நேரத்துக்கு வரட்டும் என்று யாரோ சொன்னார்கள். திரும்பிப் போக எனக்கு ஒரே பஸ்தான் என்றார் டீச்சர். எல்லோரும் ஒன்றாக இறங்கினோம்.

என்ன உடுத்திக்கொண்டு வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. முதல் வாரம் பதினோரு பேர் நைட்டியோடு இறங்கினோம். காற்று புகுந்து பதினோரு நைட்டியும் பூரி மாதிரி உப்பி மேலே வந்தன. இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் எழும்பியது. டீச்சர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

மறுவாரம் வீட்டுக்காரர் சட்டை, மகன் டிராக் பேண்ட் என்று போனோம். ஒருத்தி புருஷனின் செக்யூரிட்டி சட்டையில் வந்தாள். தோளில் பட்டை, நெஞ்சில் பேட்ஜ். அவள் படி இறங்கும்போது எல்லோரும் சல்யூட் அடித்தார்கள். அவளும் திருப்பி அடித்தாள். பிடித்திருந்த கையை எடுத்து அடித்ததால் நேராக உள்ளே போனாள். டீச்சர் பட்டையைப் பிடித்துத் தூக்கினார்.

டீச்சருக்கு ஒரு முறை இருந்தது. ஒருத்தி தண்ணீரில், ஒருத்தி படியில். தண்ணீரில் இருப்பவள் இடுப்பில் தாம்புக்கயிறு. மறுமுனை படியில் இருப்பவள் கையில். எடை பார்த்து ஜோடி போட்டார். ஒல்லியான ஆள் கனத்த ஆளைப் பிடித்தால் இரண்டு பேரும் போய்விடுவார்கள். என் எடைக்கு ஊரில் ஒரே ஆள்தான். என் ஓரகத்தி. வீட்டுக்காரரின் அண்ணன் சம்சாரம்.

நானும் அவளும் பேசி ஆறு வருஷம். ஒரு சேவல் விஷயம். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் ஒரு ஆளை வைத்துச் சொல்வோம். ஆள் இல்லாவிட்டால் ஆட்டைப் பார்த்துச் சொல்வோம். டீச்சருக்கு இது தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை. படியில் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள்.

காலி எண்ணெய்க் கேனை மூடி இறுக்கி, முதுகில் கட்டிக்கொண்டால் மிதக்கலாம். தோளுக்குக் கிட்டே கட்ட வேண்டும். ஓரகத்தி எனக்குக் கட்டினாள். வாய் பேசாமல் இடுப்புக்குக் கீழே இறக்கிக் கட்டிவிட்டாள். நான் குப்புற விழுந்தேன். பின்பக்கம் வானத்துக்குப் போனது. தலை தண்ணீருக்குப் போனது. கேனுக்கு எது தலை என்று தெரியாது.

அப்போது மேலே நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

"டீச்சர், அவள மூஞ்சத் தூக்கச் சொல்லுங்க," என்றாளாம் ஓரகத்தி.

"நீங்களே சொல்லுங்கக்கா."

"நாங்க பேசறதில்ல டீச்சர்."

டீச்சர் பாய்ந்து வந்து என்னைப் புரட்டிவிட்டார். கண்ணைத் திறந்தேன். ஓரகத்தி முகம் ஒரு முழத்தில் இருந்தது.

"மூஞ்சத் தூக்குடி," என்றாள்.

ஆறு வருஷத்தில் முதல் பேச்சு. படியில் உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள்.

சாயங்காலத்துக்குள் ஊர் வேறு மாதிரி பேசியது. வேண்டுமென்றே கேனைக் கீழே கட்டினாள் என்றார்கள். அது அவள் காதுக்குப் போனது. மறுவாரத்திலிருந்து கயிற்றைத் தளர விடவே இல்லை. சந்தைக்குக் காளையைக் கொண்டு போகிறவள் மாதிரி பிடித்தாள். நான் ஒரு முழம் முன்னால் போனால் இரண்டு முழம் பின்னால் இழுத்தாள். நீந்தி நீந்திப் பின்னால் போனேன்.

விடச் சொல்லிக் கேட்டேன்.

"நீ செத்தீனா ஊரு என்னத்தான் சொல்லும். வுடமாட்டேன்."

ஜோடியை மாற்றச் சொல்லி டீச்சரிடம் போனேன். டீச்சர் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தார். அந்த எடைக்கு வேறு ஆள் இல்லை. ஓரகத்தியும் தன் முறை வரும்போது முட்டி வலி என்று சொல்லி நாலாவது படியோடு நின்றுவிடுவாள்.

ஆவணி போனது. ஆறு வயதுப் பிள்ளைகள் குறுக்கே போய் வந்தன. எழுபது வயது அம்மா ஒருவர் மல்லாந்து மிதந்துகொண்டே வெற்றிலை மென்றார். செக்யூரிட்டி சட்டைக்காரி முங்கி மண் எடுத்து வந்தாள். நான் மட்டும் படியை விட்டு ஒரு முழம் தாண்டவில்லை.

புரட்டாசி கடைசி ஞாயிறு வானம் கறுத்திருந்தது. இன்று எல்லோரும் கயிறில்லாமல் எதிரே மோட்டார் திட்டு வரை போக வேண்டும் என்றார் டீச்சர். ஓரகத்தி என் இடுப்புக் கயிற்றை அவிழ்க்க மாட்டேன் என்றாள். டீச்சர் கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் கயிறு இருக்கட்டும், கை மட்டும் பிடிக்கக் கூடாது என்று பேசி முடித்தார். ஓரகத்தி தலையாட்டினாள்.

நான் படியை உதைத்தேன். கை, கால், மூச்சு. டீச்சர் காற்றடித்த லாரி டியூபோடு பக்கத்தில் வந்தார். கிணற்றின் பாதி தாண்டியது. அங்கே கயிறு விறைத்தது. அவள் பிடித்துத்தான் இருந்தாள்.

நான் இன்னும் ஒரு உதை உதைத்தேன். பின்னால் படியில் பாசி. ஒரு சத்தம். கிணறே ஆடியது.

ஓரகத்தி முங்கித் தண்ணீருக்கு மேலே வந்தாள். கயிறு இன்னும் கையில். முங்குகிற ஆளைத் தொடாதே, தொட்டால் இரண்டு பேரும் போச்சு என்று டீச்சர் வாரா வாரம் சொன்னது எனக்கு நினைவு வந்தது.

"அக்கா, மல்லாக்கப் படு. வயித்தத் தூக்கு. கயிற வுடாத."

படுத்தாள். இத்தனை வாரம் படியில் நின்று பார்த்தது வீணாகவில்லை. டீச்சர் அவள் தலைக்கடியில் டியூபைச் செருகினார். நான் நீந்தினேன். இடுப்பில் கட்டிய கயிற்றில் அவள் தோணி மாதிரி பின்னால் வந்தாள்.

"கெணறு சுத்துது," என்றாள்.

"வானத்தப் பாரு."

"வானமுந்தான் சுத்துது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தண்ணீர் உள்ளே போகும். போனது. அவளும் சிரித்தாள். அவளுக்கும் போனது. இருமிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் மோட்டார் திட்டைத் தொட்டேன். படிகளில் ஒரே கூச்சல். இரண்டு தெருவும் சேர்ந்து கத்தியது. டீச்சர் டியூபின் மேல் தலை வைத்துச் சிரித்தார்.

திட்டில் ஏறி உட்கார்ந்தோம். இடுப்பு முடிச்சு ஊறி இறுகிவிட்டது. அவிழவில்லை. ஓரகத்தி குனிந்து பல்லால் அவிழ்த்தாள். வாயிலிருந்த நாரைத் துப்பினாள். தூறல் விழுந்தது.

"அடுத்த வாரம் நான் எறங்கறேன்," என்றாள். "கயிற நீ புடி."

"பாதியில வுட்டுடுவேன்."

"வுடு," என்றாள்.