பார்வையாளர் நேரத்துக்கு ஓர் அறை

பொன்னுத்தங்கம் எதையும் சும்மா கிடக்க விடமாட்டாள். விருதுநகர் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகள். சிவகாசியில் காலண்டர் அச்சகம் நடத்தும் ராஜபாண்டியனுக்கு வாழ்க்கைப்பட்டவள். விற்காமல் தங்கிய காலண்டர்களில் சாமி படம் போட்டவை அக்கம்பக்கத்துப் பூஜை அறைகளுக்குப் போகும். மற்றவை மகள் பிரீத்திகாவின் நோட்டுகளுக்கு அட்டையாகும். அவள் வீட்டுக் கிரைண்டர் பக்கத்து வீட்டு மாவையும் சேர்த்துத்தான் அரைக்கும். "சும்மா கெடக்குற மிஷினும் சும்மா கெடக்குற மனுசனும் வீட்டுக்கு ஆகாது" என்பாள். இரண்டாவது பாதி யாருக்கு என்று ராஜபாண்டியன் கேட்டுக்கொண்டதில்லை.

அப்படிப்பட்டவளையும் ஓர் ஆடி மாதத்தில் பித்தப்பைக் கல் படுக்கப் போட்டுவிட்டது. ஆபரேஷன்தான் என்றார்கள். நல்ல கைராசிக்கார சர்ஜன் அரசு ஆஸ்பத்திரியில் இருந்தார். அதுதான் சிக்கல். சாத்தூரில் தீப்பெட்டிக் கம்பெனி நடத்தும் சண்முகத்தாய் வீட்டில் பிரீத்திகாவுக்குச் சம்பந்தம் பேசியிருந்தார்கள். ஆவணியில் வந்து கை நனைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் கல்யாணம் உறுதி. அதற்குள் பெண்ணின் அம்மா தர்ம ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று தெரிந்தால்? முதலாளி வீட்டுப் பெண் அங்கே போய்ப் படுத்தால் தொழிலும் படுத்துவிட்டது என்றுதான் ஊர் பேசும்.

"அங்கயே மாடியில கட்டண ரூம் திறந்திருக்காக. ஏ.சி., தனிக் குளியலறை எல்லாம் இருக்கு. அரசாங்கம்தான், ஆனா அரசாங்கம் இல்ல" என்று ராஜபாண்டியன் வழி கண்டுபிடித்தார்.

அவருக்குத் தெரியாமல் இருக்குமா? அந்த அறைகளின் திறப்பு விழா அழைப்பிதழ் அவர் அச்சகத்தில்தான் அச்சானது. "அரசு மருத்துவமனையைக் கூறு போடாதே" என்று கட்சிக்காரர்கள் ஒட்டிய போஸ்டரும் அங்கேதான் அச்சானது. இரண்டிலும் எழுத்துப் பிழை இருக்கக் கூடாது என்பதைத் தவிர அந்த விவாதத்தில் அவருக்கு வேறு கொள்கை கிடையாது.

எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். சொன்னால் அங்கே ராப்பகலாக ஓடும் சிஸ்டர் கனகமணிக்குத்தான் மெமோ வரும்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. பொன்னுத்தங்கத்தை மாடி அறைக்குக் கொண்டுவந்தார்கள். மெத்தை இருந்தது, திரைச்சீலை இருந்தது, தலைமாட்டில் அழைப்பு மணி இருந்தது. மத்தியானம் வலி குடைந்தெடுத்தது. மணியை அழுத்தினாள். கணவர் காலண்டர் ஆர்டர் பிடிக்கப் போயிருந்தார், மகள் காலேஜில். மறுபடி அழுத்தினாள். குமட்டிக்கொண்டு வந்தது, எழுந்திருக்க முடியவில்லை. இந்தக் குளிர்ந்த அறையில் செத்துக் கிடந்தாலும் சாயங்காலம்தான் தெரியவரும் என்று நினைத்து, கல்யாணமான நாளிலிருந்து அழாதவள் அழுதுவிட்டாள்.

கனகமணி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். வாயைத் துடைத்துவிட்டு ஊசி போட்டார்.

"கோவிச்சுக்கிடாதீகம்மா. ரூம் கட்டுனாக, ஆள் போடல. கீழ வார்டுக்கும் நான்தான், இங்கயும் நான்தான். மேல வந்தா கீழ வார்டே அநாதையாக் கெடக்கு."

"அப்ப என்னையும் கீழயே போடுங்க சிஸ்டர்."

"ரூமுக்குக் காசு கட்டியிருக்கீகளே?"

"காசு இங்கன இருக்கட்டும். நான் கீழ வாரேன்."

அன்றே கீழே பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலுக்கு இறங்கிவிட்டாள். பக்கத்துக் கட்டிலில் மாடத்தி. பட்டாசுக் கம்பெனியில் பாக்கிங் பார்க்கிறவள், குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தவள். பொன்னுத்தங்கம் முனகினால் போதும், மாடத்தி வார்டே அதிரும்படி "சிஸ்டரு!" என்று குரல் கொடுப்பாள். எந்த மணியும் அந்தக் குரலுக்கு ஈடாகாது. காற்றும் வந்தது, கனகமணியும் கண்ணெதிரே நடமாடினார். பொன்னுத்தங்கத்துக்கு உடம்பு தேறியது.

ஆனால் கௌரவம்? அதற்கும் ஏற்பாடு இருந்தது. சாயங்காலம் பார்வையாளர் நேரம் நெருங்கியதும் தலைவாரி, பொட்டு வைத்துக்கொண்டு, சக்கர நாற்காலியில் லிஃப்ட் ஏறி மாடிக்குப் போவாள். ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு படுப்பாள். சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்து, அறையைக் கண்ணால் அளந்து, திருப்தியோடு போவார்கள். கடைசி ஆள் போனதும் ஹார்லிக்ஸும் பொன்னுத்தங்கமும் கீழே இறங்கிவிடுவார்கள்.

"முதலாளியம்மா, டூட்டிக்கு நேரமாச்சு. கம்பெனி வேன் வந்துருச்சு" என்று நாற்காலி வரும்போதெல்லாம் மாடத்தி கேலி செய்வாள். வார்டே சிரிக்கும். பொன்னுத்தங்கமும் தையலைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

இப்படியே போயிருந்தால் கதை சுகமாக முடிந்திருக்கும். ஆனால் அவள் பிறவிக் குணம் விடவில்லை. காசு கொடுத்த அறை பகலெல்லாம் சும்மா கிடக்கிறது. கீழே நோயாளிகளுக்குத் துணைக்கு வந்த பெண்களோ குளிக்க இடமில்லாமல், முதுகு சாய்க்க இடமில்லாமல் அல்லாடுகிறார்கள். சாவியை எடுத்து மாடத்தியின் மகளிடம் கொடுத்தாள்.

"நாலு மணிக்குள்ள துப்புரவாக் காலி பண்ணிரணும், ஆமா."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். மறுநாளே, பாங்க் வேலையாக வந்த சண்முகத்தாய், சம்பந்தியையும் ஓர் எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று மத்தியானமே மாடி ஏறிவிட்டாள். கதவைத் தள்ளினால் உள்ளே ஐந்தாறு பெண்கள். ஒருத்தி ஏ.சி. காற்றில் தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். ஒருத்தி மெத்தை மேல் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குளுக்கோஸ் தொங்கவிடும் கம்பியில் ஈரச்சேலை தொங்கியது.

"வாங்கக்கா, யாருக்குத் துணைக்கு வந்திருக்கீக?" என்றாள் தயிர்ச்சோறு. "குளிக்கணும்னா வரிசையில நிக்கணும். உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரு இருக்காக."

அவர்களிடமே விசாரித்துக்கொண்டு, பட்டுச்சேலையும் ஆப்பிள் பையுமாகச் சண்முகத்தாய் கீழே வார்டு வாசலில் வந்து நின்றாள். மகள் வாழ்க்கையைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்று பொன்னுத்தங்கம் நினைத்தாள். போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தாள்.

சண்முகத்தாய் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். வார்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"மேல இல்லையா மதினி நீங்க?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "மேல ரூம் இருக்கு மதினி. ஆள் இல்ல. கூப்பிட்டா வாறதுக்கு நாதி இல்லாம செத்துப் பொழைச்சேன். ரூமு ஊருக்கு, கட்டிலு எனக்கு. நீங்க என்ன நெனச்சாலும் சரி."

சண்முகத்தாய் ஸ்டூலை நெருக்கிப் போட்டாள்.

"எனக்குக் கர்ப்பப்பை எறங்கி ரெண்டு வருசமாச்சு மதினி. உக்கார முடியல, நிக்க முடியல. இங்கன வந்தா சாத்தூர்ல என்ன பேசுவாகளோன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கேன்." குரலைத் தணித்தாள். "தீவாளி கழிச்சு வாரேன். மேல அந்த ரூமையும் சொல்லி வைங்க. இந்த ஜன்னலோரக் கட்டிலையும் சொல்லி வைங்க."

ஆவணியில் வந்து கை நனைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு வீட்டு ரகசியமும் ஒன்றாகிவிட்ட பிறகு சம்பந்தம் எங்கே போகும்?

ரகசியம் என்று சொல்வதும் பேச்சுக்குத்தான். பொன்னுத்தங்கம் காட்டிய வழியில் இன்னும் பல முதலாளி வீட்டுப் பெண்கள் மேலே பணம் கட்டிக் கீழே படுத்து எழுந்து போனார்கள். கட்டண அறைகள் ஒரு நாள்கூடக் காலியாக இல்லை என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது. மேலிடம் மகிழ்ந்தது. மக்கள் விரும்பிக் கேட்பதால் அறைகளைக் கூட்டும்படி உத்தரவு வந்தது.

தீபாவளி கழித்துச் சண்முகத்தாயை அழைத்துக்கொண்டு பொன்னுத்தங்கம் போனபோது பெண்கள் வார்டு பாதிதான் இருந்தது. மீதியைப் பலகை அடித்து அறைகளாக்கியிருந்தார்கள். அங்கிருந்த கட்டில்கள் வராந்தாவுக்குப் போயிருந்தன. கட்டில் கிடைக்காதவர்கள் பாயில் படுத்திருந்தார்கள்.

கனகமணி ஓர் அறைக் கதவைத் திறந்துவிட்டார். "நீங்க சொல்லி வச்ச அதே ஜன்னலோரம்தாம்மா. ஏ.சி. போட்டதுனால ஜன்னலை அடைச்சுட்டாக."

"புதுசா ஆள் போட்டாகளா சிஸ்டர்?"

"மணி போட்டிருக்காகம்மா" என்று சொல்லிவிட்டுக் கனகமணி வராந்தாவுக்கு ஓடினார்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் சண்முகத்தாய்க்கு வலி கண்டது. பொன்னுத்தங்கம் மணியை அழுத்தினாள். பிறகு அழுத்திக்கொண்டே இருந்தாள். சத்தம் போட்டுக் கூப்பிட மாடத்தியும் இல்லை. இருந்தாலும் பலகையைத் தாண்டிக் கேட்காது. சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, வாழ்நாளில் முதல் முறையாக அவள் நினைத்தாள்: அந்த மாடி அறை சும்மாவே கிடந்திருக்கலாம்.