இடது கைக்கு ஒரு வேலை

நூற்றுப் பதினேழு வண்டிகள். துகினோவைக் கேட்டால் நூற்றுப் பதினாறரை என்பார். அது என்ன அரை என்று கேட்க வாய் திறப்பதற்குள் ஈரத் துண்டு ஒன்றை வாளியிலிருந்து எடுத்துக் கையில் திணித்துவிடுவார்.

"பிழிங்க. ஒரு கையால. பேச்சு அப்புறம்."

வாளியில் தண்ணீர் விழும் சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்பார். வலது கைக்கு ஒருமுறை, இடது கைக்கு ஒருமுறை. எந்தக் கையில் எவ்வளவு பலம், எந்த விரல் சண்டித்தனம் செய்கிறது என்பதெல்லாம் அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடுமாம். அதற்குப் பிறகுதான் வந்தவரின் வண்டியைத் திரும்பிப் பார்ப்பார்.

ஜாவாவில் கிளாத்தென் என்ற ஊரில், ரயில் பாதைக்குத் தெற்கே அவருடைய பட்டறை. காலில் வலு இல்லாதவர்களின் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் இரண்டு சக்கரம் வைத்து மூன்று சக்கர வண்டியாக்குவார். வலது காலால் மிதிக்கும் பிரேக்கைக் கைக்குக் கொண்டுவருவார். சக்கரம் வைக்கப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு பட்டறைகள் இருக்கின்றன. கைப்பிரேக் என்றால் மட்டும் ஆட்கள் முப்பது கிலோமீட்டர் தாண்டி இங்கே வருகிறார்கள்.

வயது ஐம்பத்து நான்கு. இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் கம்பு போல ஆகிவிட்டது. ஊன்றுகோல் சொந்தத் தயாரிப்பு. பிடிக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் ரப்பர் உறை. அதை இரண்டு தட்டுத் தட்டினால் தேநீர் வேண்டும் என்று அர்த்தம். மூன்று தட்டினால் சர்க்கரை போதவில்லை.

"ஹாரனும் வச்சுட்டீங்கன்னா நீங்களே ஒரு வண்டிதான்" என்பாள் மனைவி ரெத்னோ, சர்க்கரை டப்பாவோடு வந்தபடி.

அவர் எடுத்துக்கொள்ளும் வண்டிகள் பெரும்பாலும் கிளட்ச் இல்லாத ரகம். இடது கால் கியரை மாற்றும், வலது கை முடுக்கும், முன் பிரேக்கும் வலது கையில்தான். "இடது கைதான் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி வேடிக்கை பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. அதுக்கு ஒரு வேலை குடுப்போம்" என்று சொல்லி அங்கே ஒரு லீவரைப் பொருத்துவார். அதிலிருந்து ஒரு கேபிள் பின்னால் ஓடி இரண்டு சக்கரங்களின் பிரேக்கையும் ஒன்றாக இழுக்கும். பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் லீவர் அரை விரல் தள்ளிப் போனால் கை வலிக்கும். ஒரு விரல் தள்ளிப் போனால் வண்டி நிற்காது.

இங்கேதான் அந்த அரை வண்டியின் கதை வருகிறது. நாற்பத்தொன்றாவது வண்டி. மரப்பட்டறைக்காரர் ஒருவருக்குச் செய்தது. லீவர் சரியா என்று துகினோ கேட்டார். அவர் "இங்கீ" என்றார். கை எட்டுதா? "இங்கீ." இழுக்க லேசா இருக்கா? "இங்கீ, பாக், இங்கீ." 'பாக்' என்றால் ஐயா; 'இங்கீ' என்பது பணிவாகச் சொல்லும் 'ஆமாங்க'. பெரியவரிடம், விருந்தினரிடம், வேலை செய்து கொடுத்தவரிடம் ஜாவாக்காரர் வேறு எதைச் சொல்வார்? நான்கு மாதம் கழித்துச் சந்தையில் அதே மனிதர் செருப்பைத் தரையில் தேய்த்து வண்டியை நிறுத்துவதை துகினோ தன் கண்ணாலேயே பார்த்தார். கை எட்டவே இல்லையாம், முதல் நாளிலிருந்தே.

"மூணு ஜோடி செருப்பு தேஞ்சிருக்கு, மனுஷன் வாயத் திறக்கல! அவர் 'இங்கீ'ன்னாரு, நான் நம்பினேன். ரெண்டு பேருல யாரு பெரிய முட்டாள்?"

அன்றிலிருந்து அவர் யாரையும் 'சரியா' என்று கேட்பதில்லை. துண்டைக் கொடுக்கிறார், கையைப் பார்க்கிறார், கூடவே ஒரு தந்திரமும் வைத்திருக்கிறார்.

சனிக்கிழமை மதியம் அந்தத் தந்திரத்துக்கு வேலை வந்தது. நூற்றுப் பதினெட்டாவது வண்டி இபு சுமார்னி என்ற சுமார்னி அம்மாவுடையது. சந்தையில் தெம்பே விற்கிறார். வாழையிலையில் பொதிந்த சோயாக் கட்டிகள், ஒரு நாளைக்கு நாற்பது கிலோ. விபத்து ஒன்றில் வலது பாதம் செயலிழந்து ஐந்து வருடமாகிறது. இத்தனை நாளும் கொழுந்தனார்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அவருக்குத் திங்கட்கிழமை முதல் தொழிற்சாலையில் வேலை. விடியற்காலை ஐந்தரைக்குள் சந்தைக்குப் போகாவிட்டால் சுமார்னியின் இடத்தில் வேறு யாராவது கூடை இறக்கிவிடுவார்கள். வீட்டில் ஏற்கெனவே "போதும், உக்காரு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

வீட்டுக்கும் சந்தைக்கும் நடுவே ரயில்வே கேட். தண்டவாளம் மேட்டின்மேல் ஓடுகிறது; கேட் மூடினால் வண்டி ஏற்றத்திலேயே நிற்க வேண்டும். பின்னால் பாரம் இருக்கும்போது முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் சக்கரம் வழுக்கும். பின் பிரேக் பிடித்தே ஆக வேண்டும்.

"பாரம் ஏத்தித்தான் பாக்கணும்" என்ற துகினோ, ரெத்னோவைப் பார்த்தார்.

"ரெண்டு மூட்டை அரிசி இருக்குல்ல, அதத் தூக்கிப் போடுங்க."

"அரிசி கத்தாது. வண்டி பின்னால போனா நீ கத்துவ."

ரெத்னோ பின்பெட்டியில் ஏறி உட்கார்ந்தாள். "எத்தனை கிலோன்னு யாராவது கேட்டா இறங்கிடுவேன்" என்றாள். சுமார்னி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். துகினோ தன் வண்டியில் பின்னாலேயே போனார்.

கேட் மூடியிருந்தது. சுமார்னி ஏற்றத்தில் வண்டியை நிறுத்தினார். நின்றது. பத்து எண்ணுவதற்குள் ஒரு சாண் பின்னால் வந்தது.

"பாக்னே! போகுது! போகுது!" கணவரைக் கூப்பிட்ட ரெத்னோவின் குரலுக்குப் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

சுமார்னியின் வலது கை முடுக்கியை விட்டுவிட்டு இடது கைக்கு உதவிக்கு ஓடியிருந்தது. இரண்டு கையும் சேர்ந்து லீவரை நெரித்துக்கொண்டிருந்தன. முகத்தில் மட்டும் புன்னகை.

"லேசாத்தான் இருக்கு, பாக். இங்கீ. பழகினா சரியாயிடும்."

துகினோ வண்டியைத் திருப்பச் சொன்னார். பட்டறைக்குத் திரும்பியதும் லீவரின் முன்னால் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு திட்டத் தொடங்கினார். இதுதான் அவருடைய தந்திரம்.

"எவன் செஞ்சான் இந்தப் பிரேக்க? கையா அது, உலக்கையா? இத இழுக்க எருமை மாடுதான் வேணும். அந்தாளு என் கையில கிடைச்சான்னா..."

"கண்ணாடியில பாருங்க, கிடைப்பான்" என்றாள் ரெத்னோ.

சுமார்னிக்குச் சங்கடம். செய்தவரைக் குறை சொல்ல முடியாது. செய்தவரே குறை சொல்லும்போது மறுத்துப் பேசினால் அதுவும் மரியாதை இல்லை. "அவ்வளவு மோசமில்லைங்க... கொஞ்சம் கெட்டியா இருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

'கொஞ்சம் கெட்டி' போதும். ஜாவாக்காரர் வாயில் அது வந்தால் பாறை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். துகினோ லீவரைக் கழற்றி நான்கு விரல் நீளத்துக்கு இரும்பைப் பற்றவைத்தார். பின் சக்கரத்தில் கேபிள் பிடிக்கும் கையையும் நீட்டினார். அதே இழுப்புக்கு இப்போது இரண்டு மடங்கு பலன். லீவருக்கு அடியில் ஒரு சிறு கொக்கி வைத்தார். ஏற்றத்தில் இழுத்து மாட்டிவிட்டால் கை ஓய்வெடுக்கலாம். கிளம்பும்போது கட்டைவிரலால் தட்டினால் விட்டுவிடும். மூன்று மணி நேரம் ஆனது. இடையில் ஊன்றுகோல் ஐந்து முறை தட்டப்பட்டது.

மாலை ஐந்து மணிக்கு மறுபடியும் கேட். மறுபடியும் பின்பெட்டியில் ரெத்னோ, இந்த முறை ஒரு பொட்டலம் வறுத்த கடலையோடு. மணி அடித்தது, கட்டை இறங்கியது. சுமார்னி ஒரே கையால் இழுத்தார், கொக்கியில் மாட்டினார். வண்டி நின்றது. சரக்கு ரயில் ஒன்று வந்தது, முடிவில்லாமல் வந்துகொண்டே இருந்தது. ரெத்னோ கடலை தின்றுகொண்டே பெட்டிகளை எண்ணினாள். வண்டி ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

துகினோ பக்கத்தில் வந்து நின்றார். வழக்கம்போல எதுவும் கேட்கவில்லை. சுமார்னி தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். லீவரைப் பிடித்தார், விட்டார். கட்டை மேலே ஏறத் தொடங்கியது. பின்னால் இருபது மோட்டார் சைக்கிள்கள் உறுமின.

"இல்லைங்க, பாக்" என்றார். "சுண்டுவிரல் எட்டல."

துகினோவின் முகம் மலர்ந்தது. "கேட்டியா?" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார். "இல்லைன்னுட்டாங்க! என் முகத்தப் பாத்தே சொல்லிட்டாங்க!"

"கேட்டுச்சு, ஊருக்கே கேட்டுச்சு. பின்னால நிக்கிறவங்க வேற என்னவோ சொல்றாங்க, அதையும் கேளுங்க."

அவர் கேட்கவில்லை. ஊன்றுகோலை வண்டிமேல் சாய்த்துவிட்டு, ஒரு கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து ஸ்பானரை எடுத்தார். ஹாரன்கள் அலற, கேட்டுக்கு முன்னால் ஏற்றத்தின் நடுவில் நின்றபடியே லீவரின் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தி உள்ளே தள்ளி, சுமார்னியின் சுண்டுவிரலைத் தன் கையாலேயே எடுத்து அதன்மேல் வைத்து அழுத்திப் பார்த்தார்.

திங்கட்கிழமை லெகி, ஐந்து நாளுக்கு ஒருமுறை வரும் பெரிய சந்தை நாள். நாலே முக்காலுக்கு சுமார்னி தனியாகக் கிளம்புகிறார்.