இரண்டு இடத்தில் தொட்ட டேப்

கூடாரம் தைக்கும் பட்டறையில் எல்லோரும் அவளைக் கூடாரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வெட்டும் பிரிவுக்கு மேற்பார்வையாளராக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்குப் பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். மற்ற பாடங்களில் எப்படியோ கரையேறிவிட்டாள். கணக்கு மட்டும் காலை வாரிக்கொண்டே இருந்தது. இந்த முறையும் கோட்டைவிட்டால் வேலை வேறொருத்திக்கு என்று முதலாளியம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

பாடம் சொல்லிக்கொடுத்தவள் கணவனின் தங்கை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சாயங்காலம் வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் சிவப்புப் பேனாவை மூடவே மாட்டாள்.

அன்று இரண்டு முக்கோணங்கள் சர்வசமம் என்று நிரூபிக்க வேண்டிய கணக்கு. கூடாரக்கா மளமளவென்று எழுதி, காரணம் 'பக்கம், பக்கம், கோணம்' என்பதைச் சுருக்கி 'பபகோ' என்று போட்டுவிட்டு நிமிர்ந்தாள். நாத்தனார் அதைச் சுழித்தாள்.

"அண்ணி, பகோப இருக்கு, பபப இருக்கு. பபகோன்னு ஒண்ணு கிடையவே கிடையாது."

"ஏன் கிடையாது? ரெண்டு பக்கம் சமம், ஒரு கோணம் சமம். வேற என்ன வேணும், கைரேகையா?"

"அந்தக் கோணம் ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல இருக்கணும்."

"நடுவுல இருந்தா என்ன, ஓரத்துல இருந்தா என்ன? எத்தனை கூடாரம் தைச்சிருக்கேன்! நீ துணியில கை வெச்சிருக்கியா?"

"அப்ப துணியிலேயே காட்டுங்க."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கணவன் எட்டிப் பார்த்தான். "சண்டை முடிஞ்சா சொல்லுங்க. தட்டு வைக்க மேசை வேணும்."

கூடாரக்கா கழிவுத் துணியை விரித்தாள். சாக்பீஸால் நீளமாக அடிக்கோடு போட்டாள். அதன் ஒரு முனையில் கணக்கில் சொன்ன கோணத்தை வைத்து, முதல் பக்கத்தைச் சாய்வாக இழுத்தாள். அதன் உச்சியில் டேப்பின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, இரண்டாவது பக்கத்தின் அளவில் சாக்பீஸைப் பிடித்துச் சுழற்றினாள். அடிக்கோட்டைத் தொட்டது.

"பாத்தியா!"

ஆனால் கை நிற்கவில்லை. சாக்பீஸ் கோட்டைத் தாண்டி இறங்கி, வளைந்து மேலேறி, சற்றுத் தள்ளி அதே கோட்டை மறுபடியும் தொட்டது. நம்பாமல் இன்னொரு முறை சுழற்றினாள். அப்போதும் அதே இரண்டு இடங்கள். கணக்கில் சொன்ன அளவெல்லாம் ஒன்றுதான், ஆனால் ஒரு முக்கோணம் ஒல்லி, ஒன்று குண்டு.

"அட, ஆமா! இத்தனை நாள் பட்டறையில ஏன் தப்பே வரல?"

"அங்க மூணு பக்கமும் அளந்துதானே வெட்டுறாங்க. அது பபப."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தட்டோடு வந்த கணவனுக்கு ஒன்றும் புரியவில்லை, அவனும் சிரித்துவைத்தான்.

தேர்வில் கடைசிக் கேள்வியைப் பார்த்ததும் அவளுக்குப் பகீரென்றது. இரண்டு முக்கோணங்கள் சர்வசமம் என்று நிரூபிக்க வேண்டும், கொடுத்திருந்ததோ இரண்டு பக்கம், நடுவில் இல்லாத கோணம். கேள்வியே தப்போ? மறுபடி பார்த்தாள். அந்தக் கோணத்தின் மூலையில் குட்டியாக ஒரு சதுரம். செங்கோணம்! மேசைக்கடியில் டேப்பைச் சுழற்றுவதுபோல விரலைச் சுழற்றிப் பார்த்தாள். செங்குத்துக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை அடிக்கோட்டைத் தொட்டது. இரண்டு முக்கோணம்தான், ஆனால் ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றது. செங்கோணம், கர்ணம், பக்கம் என்று காரணத்தை அழுத்தி எழுதினாள்.

"என்னம்மா, தனியா சிரிக்கிறீங்க?" என்றார் கண்காணிப்பாளர்.

"ஒண்ணுமில்ல சார், கணக்கு."

முடிவு வந்த அன்று நாத்தனார் பட்டறைக்கே போன் செய்தாள். "அண்ணி, பாஸ்! மார்க் மட்டும் கேக்காதீங்க."

"நான் எதுக்குக் கேக்கப் போறேன்? போனை வை, எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு, கூடாரக்கா முதலாளியம்மாவின் அறையைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள்.